மானிட்டர் வாங்கினால் எம்.எஸ். நீலம் வந்துவிடுமா?

கேள்வி கேட்டவர் மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே காஞ்சிபுரம் பட்டுப் புடவை விற்பவர். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலத்தில் ஒரு புடவையைக் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறார். அதில் நிறம் ஏறக்குறைய சரியாகத்தான் தெரிகிறதாம். அதே படம் மடிக்கணினியில் வெளிறித் தெரிகிறது. வாங்கிய பெண்மணியின் கைப்பேசியிலோ பளீரென்று மின்னியிருக்கிறது. புடவை கைக்குப் போனதும் ‘படத்தில் பார்த்த நிறம் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். தீபாவளிக்கு அடித்த கேட்டலாக்கில் அதே புடவை கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அச்சகத்தில் போய்க் கேட்டால், ‘ஸ்கிரீனில் தெரிவது பிரிண்டில் வராதுங்க’ என்று முடித்துவிட்டார்கள். 70,000 ரூபாய்க்கு நல்ல மானிட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இதெல்லாம் சரியாகுமா என்று கேட்கிறார்.

மானிட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. ஒரு நிறம் போகும் வழியெல்லாம் ஒரே நிறமாக இருக்க முடியுமா? முடியாதென்றால் எந்த இடத்தில் யார் பொறுப்பு? தரமணியில் அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, முதலில் இராயப்பேட்டையிலும் பிறகு அம்பத்தூரிலும் அச்சுக்கு முந்தைய பிரிவிலேயே காலம் கழித்தவன் நான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் எங்கே, எந்தப் பக்கமாக மாறும் என்பதை முன்கூட்டியே அறியலாம். அதில் பெரும்பகுதியைக் கட்டுக்குள் வைக்கலாம். உங்கள் அச்சகக்காரர் சொன்னதில் பாதி உண்மை, மீதி சோம்பல்.

கணினிக் கோப்புக்குள் நிறம் என்று எதுவும் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. திரைக்கான படமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள். அச்சுக்கான கோப்பென்றால் சயான் (பசுமை கலந்த நீலம்), மெஜந்தா (அடர்ந்த ரோஸ்), மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளின் சதவீதம். ‘ஒரு கரண்டி உப்பு’ என்று எழுதிவைத்த சமையல் குறிப்பு போன்றவை இந்த எண்கள். யார் வீட்டுக் கரண்டி என்று தெரியாமல் போட்டால் ஒரு வீட்டில் கரிக்கும், இன்னொரு வீட்டில் சப்பென்று இருக்கும். ‘நீலம் 200’ என்ற கட்டளைக்கு உங்கள் மடிக்கணினி தன்னிடமுள்ள நீலத்தைக் காட்டுகிறது, வாங்குபவரின் கைப்பேசி தன்னிடமுள்ள நீலத்தைக் காட்டுகிறது. இரண்டுமே சொன்னபடிதான் கேட்கின்றன.

அந்த எண்களுக்கு எந்தக் கரண்டி என்று சொல்லும் சீட்டுக்குத்தான் புரொஃபைல் என்று பெயர். அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 1993-இல் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பை (கிரிக்கெட் ஐசிசி அல்ல) உருவாக்கி இதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தன. ஒவ்வொரு கருவியின் எண்ணும் மனிதக் கண்ணுக்கு என்ன நிறமாகப் படுகிறது என்பதைக் கருவியால் அளந்து அட்டவணையாக்கி வைத்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை. ‘கண்ணுக்குப் படும் நிறம்’ என்பதற்கே ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? 1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் ரைட், கில்டு என்ற இருவர் தனித்தனியே, மொத்தமாகவே 17 பேரை உட்காரவைத்து வண்ண ஒளிகளைப் பொருத்தச் சொல்லிச் சோதித்தார்கள். அதிலிருந்து 1931-இல் பிறந்ததுதான் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பின் அளவுகோல். 1976-இல் வந்த ‘லேப்’ அளவுகோல் அதன் வாரிசு. உங்கள் கைப்பேசியின் எண்ணை லேப் மதிப்பாக மாற்றி, அந்த லேப் மதிப்பை அச்சு இயந்திரத்தின் எண்ணாக மாற்றுகிறது மென்பொருள். இரண்டு பக்கமும் சீட்டு சரியாக இருந்தால் மாற்றமும் சரியாக இருக்கும். ஒரு பக்கம் சீட்டு காணாமல் போனாலோ, வேறு கருவியின் சீட்டு ஒட்டப்பட்டிருந்தாலோ எல்லாம் ஊகம்தான்.

இனி உங்கள் கத்தரிப்பூவுக்கு வருகிறேன். இதன் காரணம் உறுதியாகத் தெரிந்ததுதான். நாலு கலர் அச்சில் நீல மை என்று ஒன்று கிடையாது. சயான் மீது மெஜந்தாவை ஏற்றித்தான் நீலம் வரவழைக்கிறோம். சயான் மை சிவப்பு ஒளியை மட்டும் விழுங்க வேண்டும். நடைமுறையில் கொஞ்சம் பச்சையையும் நீலத்தையும் சேர்த்தே விழுங்குகிறது. பச்சையை மட்டும் விழுங்க வேண்டிய மெஜந்தா நீலத்திலும் கை வைக்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, வெளியே வர வேண்டிய நீல ஒளியே தேய்ந்துபோகிறது. திரையின் முழு நீலத்தை, அதாவது சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255 என்பதை, ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் மாற்றிப் பாருங்கள்: சயான் 88, மெஜந்தா 77 என்று காட்டும். தாளில் அது ஊதாதான். சயானைவிட மெஜந்தா 30 சதவீதமாவது குறைவாக இருந்தால்தான் நீலம் நீலமாக நிற்கும் என்பது எங்கள் தொழிலில் கைவழக்கமாக வைத்திருக்கும் கணக்கு. இது விதியல்ல, ஆனால் பெரும்பாலும் காப்பாற்றும்.

திரைதான் எப்போதும் உசத்தி, அச்சு எப்போதும் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். நல்ல ஆர்ட் பேப்பரில் (பூச்சுள்ள வழவழப்பான தாள்) விழுந்த சுத்தமான சயானைச் சாதாரணத் திரையால் அப்படியே காட்ட முடியாது. திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லையும் அச்சு காட்டக்கூடிய நிறங்களின் எல்லையும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கின்றன. நீலம், கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு ஆகிய மூன்றில்தான் அச்சு பலமாகத் தோற்கும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மெரூன் எல்லாம் பொதுவாக நன்றாகவே வரும். உங்கள் புடவையில் ஆழ்ந்த மடிப்புகளின் நீலம் அச்சின் எல்லைக்குள் வந்துவிடலாம். வெளிச்சம் பட்டு ஜொலிக்கும் மேடுகள் வராது. எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்பதைக் கோப்பைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

யார் பொறுப்பு என்பதை நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அச்சுக்குப் போன கோப்பைத் திறந்து, புடவையின் உடல் பகுதியில் ஐட்ராப்பர் கருவியை (தொட்ட இடத்தின் நிற எண்களைக் காட்டுவது) வைத்து எண்களைப் படியுங்கள். மெஜந்தா 70-க்கு மேல் ஏறி சயானை நெருங்கியிருந்தால், அந்தக் கோப்பே ஊதாவைத்தான் கேட்டிருக்கிறது. மெஷின்மேன் சொன்னதைச் செய்தார். சயான் 100, மெஜந்தா 60 என்று இருந்தும் தாளில் கத்தரிப்பூ வந்திருந்தால் கதை வேறு. நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கும் உருப்பெருக்கியை வாங்கி, கேட்டலாக்கின் அதே இடத்தைப் பாருங்கள். நீலமும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் பூப்பூவாகச் சேர்ந்திருக்கும். மெஜந்தாப் புள்ளிகள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பியிருந்தால், அன்று மெஜந்தா அதிகமாக ஓடியிருக்கலாம். இது சந்தேகத்துக்கான காரணம் மட்டுமே. புள்ளி தாளில் விரிவது இயல்பு: கோப்பில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி ஆர்ட் பேப்பரில் ஏறத்தாழ 65 ஆகும். அதையும் கணக்கில் கொண்டுதான் புரொஃபைல் எழுதப்படுகிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், வெட்டுவதற்கு முன் தாளின் ஓரத்தில் இருந்த கலர் பட்டையை, மையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரால் அளக்க வேண்டும். நல்ல அச்சகத்தில் வெட்டாத தாள் ஒன்றை எடுத்துவைத்திருப்பார்கள், கேளுங்கள்.

என் ஊகம், கோப்பில்தான் கோளாறு. ஃபோட்டோஷாப்பை நிறுவிவிட்டு வண்ண அமைப்பைத் தொடாமல் விட்டால், பெரும்பாலும் ‘யு.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப்’ என்ற புரொஃபைல் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் உருளைத் தாளில் வாரப் பத்திரிகை ஓட்டும் இயந்திரங்களுக்காக எழுதப்பட்டது அது. நம் ஊரில் தனித்தாள் போட்டு அடிக்கும் கொமோரிக்கும் ஹைடல்பெர்க்குக்கும் அது பொருந்தாது. ஃபோக்ரா 39, ஜப்பான் கலர் என்று வேறு சீட்டுகள் இருக்கின்றன. எது வேண்டும் என்பதை அச்சகம்தான் சொல்ல வேண்டும். ‘உங்கள் மெஷினுக்கு எந்த புரொஃபைலில் பிடிஎஃப் கொடுக்கட்டும்?’ என்று கேளுங்கள். ‘எதுவானாலும் பரவாயில்லை’ என்று பதில் வந்தால் அடுத்த அச்சகத்தைப் பாருங்கள். தாளும் முக்கியம். ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் உள்ளே இறங்கிவிடும், நிறம் மங்கும். ஒரே கோப்பை இரண்டு தாளுக்கும் கொடுப்பது தவறு.

மாற்றும்போது எல்லைக்கு வெளியே கிடக்கும் நிறத்தை என்ன செய்வது என்று மென்பொருள் கேட்கும். ‘பெர்செப்ச்சுவல்’ என்றால் எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி உள்ளே கொண்டுவரும். ‘ரிலேட்டிவ்’ என்றால் உள்ளே இருப்பதை அப்படியே விட்டு, வெளியே இருப்பதை மட்டும் எல்லைக் கோட்டுக்கு இழுத்துவரும். பட்டுக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன். இரண்டாவதில் வெளிச்சம் பட்ட மேடுகள் எல்லாம் ஒரே நீலமாகத் தட்டையாகி, மடிப்பே தெரியாமல் போய்விடும். பட்டு பாலியெஸ்டர் போல ஆகிவிடும். கொஞ்சம் மங்கினாலும் மடிப்பும் நெளிவும் நிற்பதே மேல். வேறு கருத்து உள்ளவர்களும் தொழிலில் உண்டு; இது ரசனை சார்ந்தது. அட்டையில் மட்டும் ஒரு பட்டை அசல் எம்.எஸ். நீலமாக வேண்டுமென்றால் ஐந்தாவது மையாக பான்டோன் (எண் கொடுத்து விற்கும் தனி நிறங்களின் வரிசை) நீலம் ஒன்றைத் தனியாகக் கலந்து அடிக்கலாம். செலவு கூடும். ரிஃப்ளெக்ஸ் புளூ வகை மைகள் காய்வதற்கும் நேரம் எடுக்கும். அவசர வேலைக்கு ஒத்துவராது.

கேட்டலாக்கை எப்படி அடித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விலை மலிவாக இருந்ததென்றால், பல பேருடைய வேலைகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஓட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஆஃப்செட் இயந்திரத்தில் மையின் அளவைச் சுமார் 3 செ.மீ. அகலப் பட்டைகளாகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். உங்கள் நீலப் புடவைக்கு மேலே அதே பட்டையில் வேறொருவருடைய குங்கும நிறக் கல்யாணப் பத்திரிகை இருந்தால், அதற்காக ஏற்றிய மெஜந்தா உங்கள் புடவையிலும் ஏறும். அந்த விலைக்கு உங்களுக்காக மட்டும் யாரும் திருக முடியாது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறம்தான் சரக்கு என்னும்போது அந்த வழியில் போகக் கூடாது.

திரைகளுக்கு வருவோம். எஸ்ஆர்ஜிபி என்பது 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த பொதுக் கரண்டி. சீட்டு இல்லாத படத்தை இன்றைய பிரவுசர்கள் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன. விலை குறைந்த மடிக்கணினிகளின் விவரத் தாளில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ (பழைய தொலைக்காட்சித் தரத்தின் நிற எல்லை) என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும் என்று அதற்குப் பொருள். வெளிறித் தெரிந்தது அதனால் இருக்கலாம். அப்படிப்பட்ட திரையை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது. இல்லாத நீலத்தை எங்கிருந்து கொண்டுவருவது? ஆகவே மானிட்டர் வாங்குவது வீண் அல்ல. ஆனால் 70,000 வேண்டாம். எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் காட்டும் ஐபிஎஸ் திரை ஒன்றும், அதை அளந்து புரொஃபைல் எழுதும் கலோரிமீட்டர் ஒன்றும் போதும். அளக்கும் கருவி இல்லாமல் மானிட்டரை மட்டும் வாங்கினால் விலையுயர்ந்த ஊகம்தான் கிடைக்கும். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டிலா அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும்போது அதைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சத்தில் இருக்கும். ‘அச்சு இருட்டாக வந்துவிட்டது’ என்ற புகார்களில் பாதி, திரை அளவுக்கு மீறி வெளிச்சமாக இருப்பதால் வருவதுதான்.

வாங்குபவரின் கைப்பேசி உங்கள் கையில் இல்லை. அது நன்றாகவே தெரிந்த எல்லை. அமோலெட் திரைகள் பலவற்றில் ‘விவிட்’ என்ற அமைப்பு நிறங்களை வேண்டுமென்றே கூட்டிக் காட்டும். இரவில் மஞ்சளாக்கும் அமைப்பு நீலத்தைச் சாப்பிட்டுவிடும். ஐபோனில் எடுத்த படம் எஸ்ஆர்ஜிபியைவிட ஏறத்தாழ 25 சதவீதம் அகன்ற பி3 எல்லையில் இருக்கும். இடையில் ஏதாவது ஒரு செயலி அந்தச் சீட்டைக் கழற்றிவிட்டால் நிறம் வெளுத்துவிடும். ஆண்ட்ராய்டில் வண்ண நிர்வாகம் 2017-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. செயலிகள் எல்லாம் அதை மதிப்பதில்லை. ஆகவே இணையத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகும் எல்லாப் படங்களையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலைச் சேர்த்துச் சேமியுங்கள். ‘மாற்று’ (கன்வெர்ட்) என்ற கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். ‘ஒட்டு’ (அசைன்) என்ற கட்டளை எண்ணை அப்படியே விட்டுச் சீட்டை மட்டும் மாற்றும். அது இன்னும் கெடுக்கும். நிறத்தில் சந்தேகப்படும் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

இத்தனைக்கும் முன்னால் படம் எடுக்கும் இடத்திலேயே நிறம் தப்பியிருக்கலாம். படத்தின் பரப்பு முழுக்க ஒரே நீலம் நிறைந்திருந்தால் கைப்பேசி குழம்பிப்போய்ப் படத்தை மஞ்சள் பக்கம் இழுக்கும். புடவையோடு ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து எடுத்து, அதைக் கொண்டு வெண்மையைச் சரிசெய்யுங்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் டியூப் லைட்டையும் கலக்காதீர்கள். பக்கத்துச் சுவர் ரோஸ் நிறமாக இருந்தால் பட்டு அதையும் வாங்கிக்கொள்ளும். வடக்கு பார்த்த ஜன்னல், நேர் வெயில் இல்லாத பகல், வெள்ளைச் சுவர் போதும். தி. நகர் பட்டுக் கடைகளில் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்க்கும் பாட்டிகள் செய்வது மூடநம்பிக்கை இல்லை. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். சாயத்துக்கும் அச்சு மைக்கும் இடையில் இது இன்னும் அதிகம். அதனால்தான் அச்சுத் தொழிலில் 5000 கெல்வின் விளக்கின் கீழ்தான் ஒப்பிட வேண்டும் என்று ஐஎஸ்ஓ 3664 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது.

சில புடவைகளுக்கு இதெல்லாம் செய்தாலும் பலன் குறைவு. மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். ஒரே படத்தில் அதற்குச் ‘சரியான’ நிறம் என்று ஒன்று கிடையாது. சிறிய வீடியோ எடுத்து, புடவையை அசைத்துக் காட்டுங்கள். வாடாமல்லி போன்ற ஊதாக்களைப் பல கேமராக்கள் நீலமாகவே பதிவு செய்யும், ஏனென்றால் சென்சாரின் உணர்வு கண்ணின் உணர்வோடு ஒத்துப்போவதில்லை. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்: அளந்து சீராக்கிய திரைக்குப் பக்கத்தில், அசல் புடவையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு. சரிகையின் மினுமினுப்பு நாலு கலரில் பழுப்பாகத்தான் வரும்.

அடுத்த கேட்டலாக்குக்கு முன் அச்சகத்திடம் அதே புரொஃபைலில் எடுத்த டிஜிட்டல் ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். முடிந்தால் ஓடப்போகும் தாளிலேயே மெஷின் ப்ரூஃப். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், புடவையை எடுத்துக்கொண்டு போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு தாளைக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் துடிப்பு காய்ந்ததும் கொஞ்சம் இறங்கும். பளபளப்பான லேமினேஷன் அதை மீட்டுத் தரும். மேட் லேமினேஷன் அடர்ந்த நீலத்தை இன்னும் சாம்பலாக்கும். எனவே லேமினேஷன் போட்ட துண்டைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்திட்ட தாளில் ஒன்றை அச்சகத்திலும் இன்னொன்றை உங்கள் பீரோவிலும் வெளிச்சம் படாமல் வையுங்கள். மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும் என்பதால், மேசையில் கிடந்த தாளை அடுத்த வருடம் மாதிரியாகக் காட்டினால் மெஷின்மேன் ஒப்புக்கொள்ள மாட்டார்.